‘அப்படியே எடுத்திருக்காங்க’ என்பது பாராட்டு ஆகாது

தென்காசியில் கல்லூரிப் பிள்ளைகள் ஒரு லைவ் ஆக்‌ஷன் தொடரைப் பற்றிப் பேசினால் இரண்டே தீர்ப்புகள்தான் காதில் விழுகின்றன. பிடித்திருந்தால், “அப்படியே எடுத்திருக்காங்கண்ணே.” பிடிக்காவிட்டால், “மாங்கால இப்படி இல்லவே இல்லண்ணே, கெடுத்துட்டாங்க.” மூலத்தில் உள்ளது திரையில் இருந்தால் ஒரு மதிப்பெண், இல்லாவிட்டால் ஒன்று குறைவு. கடைசியில் கூட்டிப் பார்த்து, தொடர் தேறியதா இல்லையா என்று சொல்லிவிடுகிறார்கள்.

பிள்ளைகளை மட்டும் சொல்வது நியாயமில்லை. 2022இல் ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகம் வந்தபோது, கல்கியைத் தலைமுறை தலைமுறையாக வாசித்த வீடுகளிலும் இதே கணக்குத்தான் நடந்தது. மணிமேகலை எங்கே? அந்த அத்தியாயம் எங்கே? மணியம் வரைந்த வந்தியத்தேவன் இப்படியா இருந்தான்? வயதும் நூலும் வேறு, அளவுகோல் ஒன்றே. அந்த அளவுகோல் தவறு என்பது என் கட்சி. தவறு என்பதோடு, மூலத்தின் மேல் உண்மையான அன்பு வைத்திருப்பவர்களின் கையில் அது இருக்கவே கூடாது என்றும் சொல்கிறேன். அது மூலத்தையே சரியாகப் பார்க்க விடுவதில்லை.

பிள்ளைகள் அதிகம் பேசும் ‘ஒன் பீஸ்’ தொடரையே எடுத்துக்கொள்வோம். தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: எய்இச்சிரோ ஓடா 1997 ஜூலையில் ‘ஷோனென் ஜம்ப்’ வார இதழில் தொடங்கிய ஜப்பானியச் சித்திரத் தொடர், அதாவது மாங்கா, அது. ரப்பரைப் போல நீளும் உடம்பு வாய்த்த லூஃபி என்ற பையன், ஒரு வைக்கோல் தொப்பியும் கடற்கொள்ளையர் அரசனாகும் ஆசையுமாகக் கடலுக்குப் போகிறான். ஒவ்வோர் ஊரிலும் ஒரு நண்பன் சேர்கிறான், ஒரு கொடியவன் எதிர்ப்படுகிறான். 2022இல் அச்சான பிரதிகள் 50 கோடியைத் தாண்டின. 1999 முதல் அனிமேயாகவும், அதாவது அசையும் சித்திரத் தொடராகவும், ஓடுகிறது. நெட்ஃபிளிக்ஸ் இதை மனிதர்களை வைத்து எடுத்து, 2023 ஆகஸ்ட் 31 அன்று எட்டு எபிசோடுகளாக வெளியிட்டது. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் கப்பலையே கட்டிப் படம்பிடித்தார்கள்.

தொடர் பிடித்துப்போனது. உடனே ஒரு விளக்கம் எல்லார் வாயிலும் ஏறிக்கொண்டது: ஓடாவே தயாரிப்பில் கூட இருந்தார், மூலத்தில் கைவைக்க விடவில்லை, அதனால்தான் ஜெயித்தது. இதற்கு எதிர்ச்சாட்சியாக நிறுத்தப்படுவது அதே நெட்ஃபிளிக்ஸ் 2021 நவம்பரில் வெளியிட்ட ‘கௌபாய் பீபாப்’. மூலத்தை மதிக்கவில்லை, ஒரு மாதம் ஆவதற்குள் மூட்டை கட்டினார்கள் என்கிறார்கள்.

இரண்டு சாட்சியும் பொய்ச்சாட்சி.

முதலில் ‘ஒன் பீஸ்’. லூஃபியைத் துரத்தும் கடற்படைத் தளபதி கார்ப், லூஃபியின் தாத்தா என்ற செய்தி மாங்காவில் நானூறு அத்தியாயங்களுக்கு அப்பால்தான் வெளிவருகிறது. தொடரில் முதல் எபிசோடிலேயே கார்ப் வந்துவிடுகிறார், முதல் பருவத்துக்குள்ளேயே உறவும் தெரிந்துவிடுகிறது. மாங்காவில் கடலில் மிதக்கும் உணவகத்தில் பெரிய சண்டை போடும் டான் கிரீக், தொடரில் வந்த சுவடு தெரியாமல் முடிந்துபோகிறான். அந்த இடத்துக்கு, பின்னால் வரவேண்டிய ஆர்லாங் முன்னாலேயே வந்து நிற்கிறான். வசியக்காரன் ஜாங்கோ இல்லை. ஜானியும் யோசாக்கும் இல்லை. செல்லப்பிராணித் தீனிக் கடையைக் காவல் காக்கும் ஷூஷூ நாய் இல்லை. இவ்வளவையும் விட்டுவிட்டு “அப்படியே எடுத்திருக்காங்க” என்று எப்படிச் சொல்ல வந்தது? பார்த்தபோது மனம் நிறைந்தது. நிறைந்த மனத்துக்குக் காரணம் சொல்லத் தெரியாமல் கைக்குக் கிடைத்த காரணத்தைச் சொல்லிவிட்டார்கள். அதுதான் நடந்தது.

‘கௌபாய் பீபாப்’ நேர்மாறு. அது 1998இல் வந்த அனிமேயிலிருந்து எடுத்தது. தலைப்புக் காட்சியை அனிமேயில் இருந்ததைப் பார்த்துப் பார்த்து மறுபடி எடுத்தார்கள். இசைக்கு அதே யோகோ கன்னோவைக் கூப்பிட்டார்கள். சட்டை, தலைமுடி, கப்பல், துப்பாக்கி எல்லாவற்றிலும் சாயல் பிடித்தார்கள். கதையை மாற்றினார்கள் என்பது உண்மைதான். ஆனால் கண்ணுக்குத் தெரிவதில் அவ்வளவு சிரத்தை எடுத்த தொடர் ஏன் செத்துக் கிடந்தது? அந்த அனிமேயின் உயிர் அதன் அலுப்பில் இருந்தது. வேலையில்லாமல், சாப்பாட்டுக்கு வழியில்லாமல், பழையதை மறக்க முடியாமல் ஒரு கப்பலுக்குள் சுருண்டு கிடக்கும் நாலு பேர். பேச்சில்லாமல் கழியும் நிமிடங்கள். புதிய தொடர் அந்த நிமிடங்களையெல்லாம் வசனத்தால் அடைத்துவிட்டது. உடையின் நீலம் சரியாக வந்தது, அதைப் போட்டவனின் களைப்பு வரவில்லை. சாயலைக் கணக்கெடுப்பவர்களின் பட்டியலில் களைப்புக்கு ஒரு கட்டம் கிடையாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மூலம் மூலம் என்கிறார்களே, எது மூலம்? மிதக்கும் உணவகத்தின் தலைமைச் சமையல்காரர் ஸெஃப் ஒற்றைக்கால்காரர். கப்பல் உடைந்து, அவரும் சிறுவன் சாஞ்சியும் ஒரு பாறைமேல் நாள்கணக்காகப் பட்டினி கிடக்கிறார்கள். இருந்த உணவு முழுவதையும் பையனிடம் கொடுத்துவிட்டு, ஸெஃப் தன் காலையே வெட்டித் தின்று உயிர் பிழைத்தார் என்பது மாங்கா. குழந்தைகளும் பார்க்கிற அனிமேயில் இது கூடாது என்று நினைத்தார்களோ என்னவோ, கடலில் மூழ்கும் பையனைக் காப்பாற்றும்போது கால் போனதாக மாற்றிவிட்டார்கள். அனிமே பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகளில் பலருக்கு அந்த மாற்றிய கதைதான் மூலம். நெட்ஃபிளிக்ஸ் தொடர் மாங்காவின் பழைய கொடூரத்துக்கே திரும்பிப் போனது. “மாத்திட்டாங்க” என்று யாராவது சொல்லியிருந்தால், உண்மையில் மாற்றாததை மாற்றம் என்று சொல்லியிருப்பார்கள்.

அந்தக் காட்சி நன்றாக வந்ததற்கும் மாங்காவில் இருந்தது காரணமில்லை. கிரெய்க் ஃபேர்பிராஸ் என்ற கனத்த உடம்புக்காரர்தான் ஸெஃப். கட்டைக்காலோடு அவர் சமையலறையில் நடமாடுவதையும் அதட்டுவதையும் நாம் முன்பே பார்த்துப் பழகிவிட்டோம். முரட்டு மனிதர், அவ்வளவுதான் என்று முடிவும் கட்டிவிட்டோம். அந்தக் கால் எப்படிப் போனது என்பது தெரியும்போது, அதுவரை அந்த உடம்பு நடந்த நடையெல்லாம் வேறாகத் தெரிகிறது. காகிதத்தில் ஓடா அதைக் கோட்டால் செய்தார். இங்கே ஒரு நடிகரின் எடை செய்கிறது. செய்பவர் வேறு, வேலை ஒன்று.

தொடரை அளக்க எனக்குத் தெரிந்த கேள்வி இதுதான்: மூலத்தில் இந்த இடம் வாசகனுக்குள் என்ன வேலை செய்தது, திரையில் அந்த வேலையை இப்போது எது செய்கிறது? எதுவும் செய்யவில்லை என்றால் தொடர் தோற்றது, சட்டை நிறம் சரியாகவே இருந்தாலும்.

‘ஒன் பீஸ்’ கதையில் வரும் ஊசோப் என்ற பையனின் கிராமத்துக் கதையில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். மாங்காவில் அது ஒரு கடற்கரைச் சரிவில் நடக்கும் சண்டை. கீழே கொள்ளையர் கப்பல், மேலே ஊர், நடுவில் நாலைந்து பிள்ளைகள். கட்டத்துக்குக் கட்டம் வாசகனின் கண் மேலும் கீழும் போய்வருவதிலேயே அந்தச் சரிவைக் காக்க வேண்டிய பதற்றம் வந்துவிடுகிறது. இதை அப்படியே எடுத்தால் என்ன ஆகும்? வெட்டவெளியில், பட்டப்பகலில், பத்துப் பதினைந்து ஸ்டண்ட் ஆட்கள் சரிவில் உருள்வார்கள். எந்தத் தெலுங்கு டப்பிங் படத்திலும் அதைப் பார்க்கலாம். தொடரை எழுதியவர்கள் சண்டையைத் தூக்கி, கயா என்ற நோயாளிப் பெண்ணின் மாளிகைக்குள் வைத்துவிட்டார்கள். இரவு. கதவுகள் அடைபட்டுவிட்டன. வீட்டை நிர்வாகம் பண்ணிய நல்லவன்தான், விரல்விரலாகக் கத்தி மாட்டிக்கொண்டு இருட்டில் அவளைத் தேடி வருகிறான். சரிவு போய்விட்டது. ஆனால் ஊசோப் கதையில் நம்மைப் பிடித்தது சரிவா? வாழ்நாளெல்லாம் பொய் சொல்லி ஊரைச் சிரிக்கவைத்த பையன் ஒருநாள் உண்மை சொல்கிறான், ஒருவரும் நம்பவில்லை. நம்பாத அதே ஊரைக் காக்க நடுங்கிக்கொண்டே நிற்கிறான். அந்த நடுக்கத்துக்கு மாளிகை இருட்டு பொருந்தியது, வெட்டவெளி பொருந்தியிருக்காது.

ஏன் அப்படியே எடுத்தால் சாகிறது என்பதற்கு ஆழமான காரணம் ஒன்று உண்டு. அதை யோசித்தவர்கள் பட்டியல் போட மாட்டார்கள். மாங்கா வாசிக்கும்போது காலம் வாசகன் கையில் இருக்கிறது. வலமிருந்து இடமாகப் போகிறான். சண்டைப் பக்கங்களைச் சரசரவென்று தள்ளுகிறான். இரண்டு பக்கத்தை அடைத்து ஒரே படம் வரும்போது, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கிறான். ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் இடையில் உள்ள வெள்ளைக் கோட்டில் நடப்பதை அவனே நடத்திக்கொள்கிறான். கறுப்பு வெள்ளைக்கு நிறம் கொடுப்பவனும் அவன்தான், குரல் கொடுப்பவனும் அவன்தான். திரை இவ்வளவையும் அவன் கையிலிருந்து வாங்கிவிடுகிறது. வாங்கிக்கொண்டு அதற்கு ஈடாக எதைத் தருகிறது என்பதுதான் கேள்வியே தவிர, வாங்கியதில் எதைத் திருப்பித் தந்தது என்பது கேள்வியாக முடியாது. திருப்பித் தரவே முடியாது.

முகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஓடாவின் பாத்திரங்கள் அதிர்ச்சியானால் கண் வெளியே வந்து விழும், தாடை தரையைத் தொடும், அழுதால் மூக்கொழுகிக் கண்ணீர் ஆறாய்ப் போகும். கோட்டில் அது அழகு. மனித முகத்தில் அதைச் செய்யச் சொன்னால் வலிப்பு வந்தவர்போல இருக்கும். லூஃபியின் கூட்டாளி நாமி அழும் காட்சியைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். தன் ஊரை மீட்க எட்டு ஆண்டுகள் காசு சேர்த்தவள், ஆர்லாங் ஏமாற்றிவிட்டான் என்று தெரிந்ததும், அவன் குத்திய பச்சையைத் தன் தோளிலிருந்து கத்தியாலேயே குத்திக் கிழிக்கிறாள். லூஃபி கையைப் பிடித்துத் தடுக்கிறான். அதுவரை யாரிடமும் எதையும் கேட்காதவள் உதவி கேட்கிறாள். அவன் தன் தொப்பியை எடுத்து அவள் தலையில் வைக்கிறான். நிகழ்ச்சி நிரலில் மாங்காவுக்கும் தொடருக்கும் வேறுபாடு அதிகமில்லை. ஆனால் நாமியாக நடித்த எமிலி ரட் அழும் அழுகை ஓடா வரைந்த அழுகை அல்லவே அல்ல. அடக்கி அடக்கி, முகத்தைக் கோணவிடாமல் வைத்திருக்க முயன்று, முடியாமல் உடைவது அது. வரைந்த முகத்தைப் போலவே அழுதிருந்தால் பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள்.

குற்றாலத்துக்காரர்கள் இதை வெளியூர்க்காரர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. குற்றாலநாதர் கோயிலிலிருந்து சற்றுத் தள்ளி, தெப்பக்குளத்தின் கரையில் சித்திர சபை இருக்கிறது. நடராசரின் ஐந்து சபைகளில் சிதம்பரம் பொன், மதுரை வெள்ளி, திருநெல்வேலி தாமிரம், திருவாலங்காடு ரத்தினம். நம் ஊர் ஓவியம். இங்கே ஆடுகிறவர் சுவரில் எழுதிய சித்திரமாக ஆடுகிறார். ஒரு செப்புத்திருமேனியில் ஆட்டம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். உலோகத்தின் எடை முழுக்க ஊன்றிய ஒற்றைக்காலில் இறங்குகிறது. பக்கவாட்டில் போய் நின்றால் தூக்கிய கால் நம்மை நோக்கி வருகிறது. சுவருக்குப் பக்கமும் இல்லை, பின்புறமும் இல்லை, எடையும் இல்லை. செம்பில் இருப்பதை அப்படியே சுவரில் கொண்டுவர நினைத்திருந்தால் ஓவியன் ஒரு சிலையின் படத்தைத்தான் வரைந்திருப்பான். அவன் ஆட்டத்தை வரையப் போனான். எடை செய்த வேலையைக் கோட்டின் வளைவிடமும் நிறத்திடமும் ஒப்படைத்தான். சிதம்பரத்தில் கும்பிட்டுவிட்டு இங்கே வருகிறவர்கள் யாரும், செம்பு குறைகிறதே என்று சொல்லிக்கொண்டு வெளியே வருவதில்லை. உடம்பிலிருந்து கோட்டுக்குப் போன பயணம் அது. லைவ் ஆக்‌ஷன் என்பது கோட்டிலிருந்து உடம்புக்கு வரும் பயணம். திசை மாறினாலும் சட்டம் மாறாது.

அடுத்து மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் ‘திருக்குற்றாலக் குறவஞ்சி’. குற்றாலநாதர் உலா வருவதைப் பார்த்து மையல் கொண்ட வசந்தவல்லி, குறி சொல்ல வரும் சிங்கி, அவளைத் தேடி அலையும் சிங்கன். ருக்மிணி தேவி இதைக் கலாக்ஷேத்திரத்தின் நாட்டிய நாடகமாக 1944இல் மேடையேற்றினார். சிங்கி தன் மலையின் வளத்தைச் சொல்லும் பகுதி அதில் பெரிய பகுதி. சென்னை மேடையில் மலை ஏது, அருவி ஏது? ஒரு நடன மங்கையின் இரண்டு கையும் கண்ணும்தான் உண்டு. சாரல் காலத்தில் பேரருவியில் தலையைக் கொடுத்தவர்களுக்குத் தண்ணீரின் அடி எப்படி இறங்கும் என்று தெரியும், முதுகெலும்புவரை போகும். அந்தப் பாரம் அவள் கையிலிருந்து இறங்குகிறதா என்று பார்ப்பான் ரசிகன். மேடையில் தண்ணீர் ஊற்றினார்களா என்று பார்ப்பவனை அரங்கத்தில் யாரும் ரசிகன் என்று சொல்ல மாட்டார்கள்.

திரை சேர்க்கவும் செய்யும். அபே யாரோ 2006இல் தொடங்கிய ‘ஷின்யா ஷொகுடோ’ என்ற மாங்காவை 2009இல் ஜப்பானில் தொலைக்காட்சித் தொடராக்கினார்கள். நெட்ஃபிளிக்ஸிலும் பின்னால் வந்தது. நள்ளிரவில் திறந்து காலை ஏழு மணிக்கு மூடும் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை. முகத்தில் தழும்பு உள்ள கடைக்காரர், கேட்டதைச் செய்து கொடுப்பார். மாங்காவில் சாப்பாடு நாலு கோட்டில் முடிந்துவிடும். தொடரில் எண்ணெய் பொரியும் சத்தம் வருகிறது, கத்தி பலகையில் இறங்கும் சத்தம் வருகிறது, ஆவி கடைக்காரரின் முகத்தை மறைக்கிறது. கடைக்காரராக நடித்த கோபயாஷி கௌரு அதிகம் பேசுவதே இல்லை. பிரானூர் பார்டரில் ராத்திரி பதினொரு மணிக்குப் பரோட்டாக் கல் பக்கத்தில் நின்றவர்களுக்கு, அந்தச் சத்தம் எத்தனை பேருடைய தனிமையைத் தாங்குகிறது என்று சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தச் சத்தம் காகிதத்தில் இல்லவே இல்லை. பட்டியல்காரர்களின் கணக்குப்படி, இல்லாததைச் சேர்த்தது குற்றமல்லவா? அந்தத் தொடரின் பெருமையே அங்குதான் இருக்கிறது.

நம் வீடுகளிலேயே நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். புதுயுகம் தொலைக்காட்சி கொரியத் தொடர்களைத் தமிழ்க் குரலில் போட்ட காலத்தில், ‘பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்’ பார்த்து உருகாத பெண்பிள்ளைகள் குறைவு. அது கமியோ யோகோ 1992 முதல் வரைந்த ஒரு மாங்காவிலிருந்து வந்தது என்பது அவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது. தைவான்காரர்கள் அதை 2001இலும், ஜப்பானியர் 2005இலும், கொரியர் 2009இலும் தொடராக்கினார்கள். கொரியத் தொடரில் நாயகியின் குடும்பம் சலவைக் கடை நடத்துகிறது. துணி கொடுக்கப்போன இடத்தில், மாடியிலிருந்து குதிக்க நின்ற ஒரு மாணவனைக் காப்பாற்றி, அதன் வழியாகப் பணக்காரப் பள்ளிக்குள் நுழைகிறாள். மாங்காவில் சலவைக் கடையே கிடையாது. பணம் இல்லாத வீட்டுப் பெண், பணத்திமிர் பிடித்த கூட்டத்தின் நடுவில் தலை குனியாமல் நிற்கிறாள் என்பதுதான் அந்த மாங்காவின் உயிர். பணக்காரர்களின் அழுக்கைத் துவைத்துக் கொடுக்கும் கடையை அவள் வீட்டில் வைத்ததன் மூலம் கொரியர்கள் அதைக் கண்ணால் பார்க்கும்படி செய்துவிட்டார்கள். மூலத்தை வாசிக்காத நம் பெண்களுக்கு அந்த உயிர் போய்ச் சேர்ந்தது.

இவ்வளவும் சொன்னால், “அப்படின்னா எதை வேணும்னாலும் மாத்தலாமா? மாத்துறவன் சொந்தமா ஒரு கதை எழுத வேண்டியதுதானே” என்று கேட்கிறார்கள். நியாயமான கோபம். இதற்குப் பதிலாக விமர்சகர்கள் இன்னொரு சுலப வழியைக் காட்டுகிறார்கள்: தனிப் படைப்பாகப் பாருங்கள், மூலத்தை மறந்துவிடுங்கள். இதையும் நான் ஏற்கவில்லை. மூலத்தின் பெயரைப் போட்டு, மூலத்தின் வாசகர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டு, மூலத்தை மறக்கச் சொல்வது நேர்மையில்லை. ஒப்பிட வேண்டும். பொருளைப் பொருளோடு ஒப்பிடாமல், வேலையை வேலையோடு ஒப்பிட வேண்டும்.

அப்படி ஒப்பிட்டால் கண்டனம் குறையாது, கூர்மையாகும். ஷூஷூ நாயைப் பற்றிப் பிள்ளைகள் வருந்துவது சரி. ஆனால் நாய் இல்லை என்று சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். அந்த நாய் என்ன செய்தது? எசமான் செத்துப்போனான். அவன் விட்டுப்போன கடையை அது காக்கிறது. கொள்ளையர்கள் கடையைக் கொளுத்துகிறார்கள். பொன்னும் மணியும்தான் புதையல் என்று ஓடும் கதையில், எரிந்துபோன ஒரு தீனிக் கடையும் புதையல்தான் என்று லூஃபிக்கும் நமக்கும் அப்போது தெரிகிறது. கொள்ளையரை வெறுக்கும் நாமிக்கும் அவனைப் பற்றிய எண்ணம் அங்கேதான் அசையத் தொடங்குகிறது. தொடரில் ஊர்மக்களைக் கட்டிப்போட்டுக் கைதட்டவைக்கும் பக்கி என்ற கொள்ளையனின் சர்க்கஸ் கூடாரம் இருக்கிறது. பயங்கரமாகவும் புதுமையாகவும் இருக்கிறது. ஆனால் புதையல் என்றால் என்ன என்ற அந்தக் கேள்வி அங்கே எழவில்லை. நாய் செய்த வேலையை வேறு யாரும் எடுத்துச் செய்யவில்லை. அது தொடரின் தோல்வி. முகத்தருகே கேமராவைக் கொண்டுபோய் முகத்தையே அகலமாக்கும் பழக்கமும், இரவுக் காட்சிகளின் மங்கலும் எனக்குப் பிடிக்கவில்லை. ஓடாவின் பக்கங்களில் கடல் எப்போதும் திறந்து கிடக்கும், இங்கே பல இடங்களில் மூச்சு முட்டுகிறது. மாங்காவில் இல்லாத ஆளைச் சேர்த்தார்களா என்று எண்ணிக்கொண்டிருப்பவர்கள் இந்த மூச்சுமுட்டலைச் சொல்லவே இல்லை.

எதிர்த்தரப்பின் கடைசி வாதம் வலுவானது. பட்டியல் என்றால் எல்லாருக்கும் பொதுவாக ஒரு கணக்கு இருக்கும், நீங்கள் சொல்வது உங்கள் சொந்த ரசனை என்கிறார்கள். இதற்கும் பதில் நம் ஊரிலேயே உண்டு. குற்றாலத்தில் வாழ்ந்து 1954இல் மறைந்த ரசிகமணி டி.கே.சி. இதைத்தான் வாழ்நாளெல்லாம் செய்தார். ஒரு பாட்டு நல்ல பாட்டு என்று சொல்லிவிட்டு அவர் சும்மா இருக்கவில்லை. வாய்விட்டுப் பாடிக் காட்டினார். எந்தச் சொல்லில் குரல் நிற்கிறது, எங்கே உணர்ச்சி திரும்புகிறது என்று கேட்பவரின் காதுக்குள் வைத்துக் காட்டினார். ராஜாஜியும் கல்கியும் அதைக் கேட்க வந்தார்கள். கம்பர் பாடல்கள் பலவற்றை இடைச்செருகல் என்று அவர் ஒதுக்கியதில் நான் புலவர்கள் பக்கம், அது வேறு சண்டை. ஆனால் ரசனையைக் காட்ட முடியும், வாதிக்க முடியும், தவறென்றால் திருத்த முடியும் என்பதை அவர் நிரூபித்தார். “இந்தக் காட்சியில் இந்த வேலை நடக்கவில்லை, இதோ இந்த ஷாட்டில் தவறிவிட்டது” என்று நான் சொன்னால், நீங்கள் அதே ஷாட்டை வைத்து என்னை மறுக்கலாம். “மாங்கால இல்ல” என்று சொன்னால் மறுப்பதற்கு என்ன இருக்கிறது? ஆமாம், இல்லை. பேச்சு அங்கேயே முடிந்தது.

பட்டியல் போடாமல் நாம் ஏற்றுக்கொண்ட படமும் உண்டு. கொத்தமங்கலம் சுப்பு ‘ஆனந்த விகட’னில் தொடராக எழுதிய ‘தில்லானா மோகனாம்பாள்’ மாபெரும் நாவல். கோபுலுவின் ஓவியத்தோடு வாசகர்களின் மனத்தில் மோகனா ஏற்கெனவே ஒரு முகம் பெற்றிருந்தாள். 1968இல் ஏ.பி. நாகராஜன் அதில் எவ்வளவோ வெட்டினார். சிவாஜியும் பத்மினியும் நாகேஷும் மனோரமாவும் நடித்த அந்தப் படத்தை இன்று யாரும் பக்கம் பக்கமாக ஒப்பிட்டுச் சண்டை போடுவதில்லை. போட்டியும் காதலும் நாதஸ்வரத்துக்கும் சலங்கைக்கும் நடுவில் நடக்கிறது என்ற ஒன்று தவறாமல் வந்து சேர்ந்ததால்தான் அது.

‘பொன்னியின் செல்வ’னிலும் அப்படித்தான் பார்த்திருக்க வேண்டும். மணிமேகலையை விட்டதில் எனக்கு வருத்தம் உண்டு, வழக்கு இல்லை. என் வழக்கு முடிவைப் பற்றியது. கல்கியின் கதையில், அரியணைக்கு ஆசைப்பட்ட மதுராந்தகன் செம்பியன் மாதேவியின் வயிற்றுப் பிள்ளையே இல்லை. பூத்தொடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த சேந்தன் அமுதன்தான் உண்மையான இளவரசன். கையில் வந்த மணிமுடியை அருள்மொழி அவனுக்குச் சூட்டுகிறான். ஆசைப்பட்டவனுக்குக் கிடைக்கவில்லை, ஆசைப்படாதவனைத் தேடி வருகிறது. மணிரத்னத்தின் படத்தில் இந்தக் குழந்தை மாற்றம் கிடையாது. செம்பியன் மாதேவியின் மகனான மதுராந்தகனே உத்தம சோழன் ஆகிறான். வாசகர்கள் துரோகம் என்றார்கள். ஆனால் வரலாற்றில் உத்தம சோழன் செம்பியன் மாதேவியின் மகன்தான். சிறிய தந்தை ஆசைப்படும்வரை அரசு எனக்கு வேண்டாம் என்று அருள்மொழி ஒதுங்கிய செய்தி திருவாலங்காட்டுச் செப்பேட்டில் இருக்கிறது. குழந்தை மாற்றம் கல்கி சேர்த்தது. இப்போது எதற்கு விசுவாசமாக இருக்கச் சொல்கிறீர்கள், நாவலுக்கா, நாவலின் மூலத்துக்கா?

விசுவாசத்தை விட்டுவிட்டு வேலையைக் கேட்டால் குற்றச்சாட்டு உடனே கையில் நிற்கிறது. பூக்கட்டுகிறவனுக்கு முடி கொடுப்பதில் ஒரு தியாகம் இருக்கிறது. சதி செய்தவனுக்கே முடி கொடுப்பது அதைவிடப் பெரிய, அதைவிடக் கடினமான தியாகம். படம் இந்தக் கடினமான பாதையைத் தேர்ந்தெடுத்தது, அதில் தவறில்லை. தேர்ந்தெடுத்த பிறகு, வாங்குகிறவன் அந்தத் தியாகத்துக்குத் தகுந்தவனாக மாறுவதை நாம் பார்த்திருக்க வேண்டும். ரகுமான் நடித்த மதுராந்தகன் எப்போது, எதைப் பார்த்து மனம் திரும்பினான் என்று நம்ப வைக்கப் படம் போதிய இடம் ஒதுக்கவில்லை. அதனால் அருள்மொழி முடியைத் தூக்கிக் கொடுக்கும்போது கொடுக்கிறவனின் பெருமை தெரிகிறது, கொடுக்கப்பட்டதன் நியாயம் தெரியவில்லை. மணிமேகலை எங்கே என்று கேட்ட அத்தனை பேரும் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, மதுராந்தகனின் மனமாற்றம் எங்கே என்பதுதான்.